குழாயின் நீளம்

கோலாலம்பூர் 1881-ஆம் ஆண்டில் இரண்டு முறை அழிந்தது. ஒரு முறை தீயில், ஒரு முறை வெள்ளத்தில். மரச்சுவரும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊர் அது. மறு ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிமேல் செங்கல்லும் ஓடுமாகத்தான் கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஊருக்குத் தெற்கே களிமண் கிடைத்தது, அங்கே சூளைகள் எழுந்தன. அந்தச் சூளைக்காடுதான் பிரிக்பீல்ட்ஸ். பிறகு ரயில்வே வந்தது. ரயில்வேயோடு தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் யாழ்ப்பாணத்துக் கிராணிமார்களும் வந்தார்கள். சூளைகள் அணைந்து பெயர் மட்டும் நின்றது. ஆனால் ஊருக்கு நெருப்பின் தேவை அணையவில்லை, நெருப்பு இடம் மாறியது, அவ்வளவுதான். 1920-களின் பிற்பகுதியில் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய பங்சாரில், பத்து ஆராங் சுரங்கத்து நிலக்கரியை எரிக்கும் மின்நிலையம் எழுந்தது. 1953-இல் நெருப்பு கிள்ளான் ஆற்றோரம் கன்னாட் பிரிட்ஜுக்கு இறங்கிப் போனது. 1980-களில் கடலோரத்துக்கே போய், கிள்ளானுக்கு வடமேற்கே காப்பாரில் உட்கார்ந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஊர் வளர்ந்தது, நெருப்பு விலகியது. இன்று பிரிக்பீல்ட்ஸில் தோசைக்கல் சூடாவதற்கு வேண்டிய நெருப்பு நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் எரிந்தாலும் யாருக்கும் குறையில்லை, மின்கம்பி இருக்கிறது.

மின்கம்பி இந்த விலகலைச் சாத்தியமாக்கிய அதே வேகத்தில் ஒன்றை நாம் மறக்கவும் வைத்தது. உலகம் கடைசியாகச் செலவழிக்கும் ஆற்றலில் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்குதான், ஏறக்குறைய பாதி வெப்பமாகவே வேண்டப்படுகிறது. மின்சாரத்தைக் கம்பியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அனுப்பலாம். நீராவி அப்படிப் போகாது. குழாயின் சுவரில் சூட்டை இழந்துகொண்டே போகும், அழுத்தமும் இறங்கும், சில பத்துக் கிலோமீட்டர்களில் அதன் பயணம் முடிந்துவிடும். அணு உலையின் வெப்பத்தைத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்துப் பழைய தொழில் வட்டாரங்களை மறுபடி எழுப்பலாம் என்ற பேச்சு இப்போது உலகெங்கும் கேட்கிறது. மலேசியாவும் அந்தப் பேச்சுக்குள் வந்துவிட்டது. எந்த உலை, எந்த நாட்டுத் தயாரிப்பு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி குழாய் எவ்வளவு நீளம் என்பது. அணு வெப்பம் என்பது இயற்பியல் கேள்வியாவதற்கு முன்பே நிலத்தைப் பற்றிய கேள்வி. கிள்ளான் பள்ளத்தாக்கில் அது இன்னும் கூர்மையான கேள்வி.

முதலில் உலையைப் பார்த்துவிடுவோம், அதுவும் நம் வாசலிலேயே இருக்கிறது. கோலாலம்பூருக்குத் தெற்கே பாங்கியில், மலேசிய அணுசக்தி முகமையின் வளாகத்தில், ‘ட்ரிகா புஸ்பாத்தி’ என்ற ஆராய்ச்சி உலை 1982 ஜூன் 28 அன்று முதன்முதலாகத் தொடர்வினையை எட்டியது. அதன் உச்ச அளவு ஒரு மெகாவாட் வெப்பம். ஆழமான நீர்த்தொட்டியின் அடியில் எரிபொருள் கோல்கள் நிற்கின்றன. உலை ஓடும்போது நீருக்குள் நீல ஒளி படரும். அந்த வெப்பத்தை யாரும் பயன்படுத்துவதில்லை. தொட்டி நீரிலிருந்து வெப்பமாற்றிக்கும், அங்கிருந்து குளிர்விப்புக் கோபுரத்துக்கும், அங்கிருந்து பாங்கியின் காற்றுக்கும் அது போகிறது. அந்த உலையின் வேலை பயிற்சியும் ஆய்வும்தான், ஆகவே அதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அதன் எரிபொருளில் ஒரு பாடம் இருக்கிறது. யுரேனியத்தோடு சிர்க்கோனியமும் ஹைட்ரஜனும் கலந்து செய்த கோல் அது. யுரேனிய அணு பிளக்க வேண்டுமானால் அதை மோதும் நியூட்ரான் நிதானமாக வர வேண்டும், நிதானப்படுத்தும் வேலையை ஹைட்ரஜன் செய்கிறது. கோல் சூடேறினால் அதிலுள்ள ஹைட்ரஜன் துள்ளி அதிர்கிறது. தன்னைத் தொடும் நியூட்ரானை நிதானப்படுத்துவதற்குப் பதிலாக எட்டித் தள்ளிவிடுகிறது. வினை தளர்கிறது, சூடு இறங்குகிறது. மனிதக் கை படாமல், விசை அழுத்தாமல், சூடே சூட்டுக்குக் கடிவாளம் போடுகிறது. 1950-களில் எட்வர்ட் டெல்லரும் ஃப்ரீமன் டைசனும் இருந்த குழு இப்படி ஓர் உலையைத்தான் தேடியது.

‘மேம்பட்ட உலை’ என்று இன்று விற்கப்படுபவை இந்தக் கடிவாளத்தைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோகப் பார்க்கின்றன. சீனத்தின் ஷான்டோங் மாநிலத்தில் ஷிடாவ்வான் என்ற இடத்தில் 2023 டிசம்பரில் வணிக ஓட்டத்துக்கு வந்த உயர்வெப்ப உலை அதற்கு நல்ல சான்று. அதில் எரிபொருள் கசகசா அளவுத் துணுக்குகளாக இருக்கிறது. ஒவ்வொரு துணுக்கையும் கரிமமும் சிலிக்கன் கார்பைடும் அடுக்கடுக்காக மூடியிருக்கும். அப்படிப் பல ஆயிரம் துணுக்குகளைக் கிராபைட்டில் பொதித்து, 6 செண்டிமீட்டர் விட்டத்தில், நல்ல எலுமிச்சம்பழம் போல உருட்டியிருக்கிறார்கள். ஓர் உலைக்குள் இப்படி 4 இலட்சத்துக்கு மேற்பட்ட உருண்டைகள். ஹீலியம் வாயு அவற்றின் நடுவே புகுந்து 750 டிகிரி செல்சியஸில் வெளியேறுகிறது. சாதாரண அணுமின் நிலையங்களில் கிடைப்பது 300 டிகிரியை ஒட்டிய சூடுதான். 2023 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அந்த நிலையத்தின் இரண்டு உலைகளிலும் குளிர்விக்கும் மின்சாரத்தைத் துண்டித்துச் சோதித்தார்கள். பம்பு இல்லை, அவசரத் தண்ணீர் இல்லை. உலைகள் தாமாகவே அடங்கின, மிச்சச் சூடு சுவர் வழியே கசிந்து ஆறியது. இது கணினிப் படத்தில் நடந்ததல்ல, ஓடிக்கொண்டிருந்த உலையில் நடந்தது. இந்தத் துறையில் வண்ணக் கையேடுகள் அதிகம், இரும்பில் நடந்த சோதனைகள் குறைவு என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனாலும் 750 டிகிரியில் ஒரு செங்கல்லைக்கூட ஒழுங்காகச் சுட முடியாது. களிமண் கல்லாக இறுகுவதற்கு 900 முதல் 1,000 டிகிரி வேண்டும். உலகின் மிகச் சூடான வணிக அணு உலையைக் கொண்டுவந்து வைத்தாலும் பிரிக்பீல்ட்ஸின் பழைய சூளைக்கு அது ஈடாகாது. சிமெண்டுச் சூளைக்கு 1,450 டிகிரி, எஃகு உருக 1,500-க்கு மேல். ‘கனரகத் தொழில்களை அணு வெப்பம் காப்பாற்றும்’ என்ற பேச்சில் இந்த எண்களை யாரும் எடுப்பதில்லை. ஆகவே அணு வெப்பத்துக்கு வாடிக்கையாளர் யார் என்பதைச் சூட்டின் அளவைக் கொண்டு தேட வேண்டும். கிள்ளானில் தேடினால் கிடைப்பவர்கள் யார்? ரப்பர் கையுறைக்காரர்கள், செம்பனை எண்ணெய் சுத்திகரிப்பவர்கள், காகித ஆலைகள், உணவுத் தொழிற்சாலைகள்.

கையுறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம், உலகுக்கு மிக அதிகமாகக் கையுறை செய்து கொடுக்கும் நாடு மலேசியா, அதில் மேரு, கிள்ளான் வட்டாரத்துக்குப் பெரிய பங்கு. சங்கிலியில் கோத்த பீங்கான் கைகள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நகர்கின்றன. முதலில் கழுவப்படுகின்றன, கால்சியம் நைட்ரேட் கரைசலில் முங்கிக் காய்கின்றன, பிறகு ரப்பர் பாலில் முங்குகின்றன. உறைந்த படலத்தோடு வெந்நீர்த் தொட்டிக்குள் போய்ப் புரதமும் உப்பும் கழிகின்றன. பிறகு நீண்ட அடுப்புக்குள் போய்ப் பதப்படுகின்றன. தண்ணீருக்கு 60 முதல் 90 டிகிரி, அடுப்புக்கு 100-இலிருந்து 150-க்குள். இந்தச் சூட்டுக்காக இன்று எரிவது பெரும்பாலும் இயற்கை எரிவாயு. ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும் சுடரை வைத்துக்கொண்டு வெந்நீர் போடுவது, கோடாலியால் கொத்தமல்லி நறுக்குவது மாதிரி. செம்பனை எண்ணெயின் வாடை நீக்கும் கட்டத்துக்கு மட்டும் 250 டிகிரி அளவில் சூடு வேண்டும். அதையும் சேர்த்துப் பார்த்தாலும், கிள்ளானின் தேவைக்கு 750 டிகிரி உலை அவசியமே இல்லை. சாதாரண நீர் உலையே போதும்.

இங்கேதான் முதல் எதிர்வாதம் எழுகிறது. இவ்வளவு தாழ்ந்த சூட்டுக்கு அணு உலை எதற்கு, வெப்பப் பம்பும் கூரைமேல் சூரியத்தகடும் போதாதா? 90 டிகிரி வரைக்கும் போதும் என்பதே என் எண்ணம். வெந்நீர்த் தொட்டிகளை அணு உலையோடு கட்டிப்போடுவது வீண் வேலை. 150 டிகிரியை நெருங்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. அந்தச் சூட்டில் வெப்பப் பம்பு ஓர் அலகு மின்சாரத்தைத் தின்று இரண்டு அலகு வெப்பம் கொடுத்தாலே நல்லது. மின்நிலையத்துச் சுழலியின் இடையிலிருந்து அதே சூட்டில் நீராவியை எடுத்தால், நாம் இழக்கும் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஈடாக நான்கைந்து அலகு வெப்பம் கிடைக்கும். ‘இழக்கும்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மின்நிலையங்கள் கடலில் கொட்டும் வெப்பத்தை இலவசமாக அள்ளிக்கொள்ளலாம் என்று பலர் எழுதுகிறார்கள். கடலுக்குப் போவது 40 டிகிரி வெதுவெதுப்பு, அதை வைத்து ஒரு கையுறையைக்கூடப் பதப்படுத்த முடியாது. பயன்படும் நீராவிக்கு விலை உண்டு; ஆனால் அந்த விலை குறைவு. குறைவாக இருப்பதும் குழாய் குட்டையாக இருக்கும் வரையில்தான்.

குழாய் எவ்வளவு நீளலாம் என்பதற்கு இப்போது நல்ல அளவுகோல் ஒன்று கிடைத்திருக்கிறது. சீனத்தின் ஜியாங்சு மாநிலத்தில் தியான்வான் அணுமின் நிலையத்திலிருந்து லியான்யுங்காங் பெட்ரோகெமிக்கல் வளாகத்துக்கு 2024 ஜூனில் நீராவி ஓடத் தொடங்கியது. குழாயின் நீளம் 23 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆண்டுக்கு 48 இலட்சம் டன் நீராவி தருவதற்கான அமைப்பு. மணிக்கு 600 டன் என்று வைத்தால் 400 மெகாவாட்டைத் தாண்டிய வெப்பம். உலை மேம்பட்ட ரகம் ஒன்றுமில்லை, வழக்கமான நீர் உலைதான். சுவிட்சர்லாந்தின் கோஸ்கன் நிலையம் 1979 முதல் பக்கத்திலிருக்கும் அட்டை ஆலைக்கு நீராவி கொடுத்து வருகிறது. ராஜஸ்தானில் கோட்டாவின் கனநீர் ஆலை, அருகிலுள்ள ராவத்பாட்டா அணுமின் நிலையத்தின் நீராவியை வாங்கி ஓடியது. கல்பாக்கத்தில் கடல்நீரைக் குடிநீராக்கவும் அணுமின் நிலையத்தின் நீராவியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஆலையும் உலையும் அக்கம்பக்கமாக இருந்த இடத்தில் நடந்தது, இல்லாத இடத்தில் நடக்கவில்லை.

இனி அந்த 23 கிலோமீட்டரைக் காப்பாருக்குக் கொண்டுவருவோம். காப்பாரிலுள்ள சுல்தான் சலாவுதீன் அப்துல் அசிஸ் மின்நிலையம் 2,420 மெகாவாட் திறனோடு கட்டப்பட்டது. கப்பலில் வரும் நிலக்கரியையே பெரும்பாலும் எரிக்கிறது. அதன் மின்விற்பனை ஒப்பந்தம் 2029-இல் முடிகிறது. நாடு புதிதாக நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. அங்கே கடல்நீர் எடுக்கும் வாய்க்கால் இருக்கிறது, துறைப்பாலம் இருக்கிறது, தேசிய மின்தொடருக்குப் போகும் பெருங்கம்பிகள் இருக்கின்றன, சுழலி பழகிய கைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் வயோமிங்கில் கெம்மரர் என்ற நிலக்கரி ஊரில், பழைய அனல் நிலையத்துக்குப் பக்கத்திலேயே 345 மெகாவாட் சோடியம் உலைக்கு 2024 ஜூனில் கடைக்கால் தோண்டினார்கள். அவர்கள் சொன்ன காரணங்களும் இவைதாம். காப்பார் நிலையத்தை மையமாக வைத்து வரைபடத்தில் 23 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால் மேரு உள்ளே வருகிறது, வடதுறைமுகமும் புலாவ் இண்டாவும் வருகின்றன, ஷா ஆலத்தின் விளிம்பு வருகிறது. கையுறை, எண்ணெய், காகிதம் எல்லாம் வந்துவிடுகின்றன. கூடவே கிள்ளான் நகரமும் வந்துவிடுகிறது. கிள்ளான் மாவட்டத்தில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேல் மக்கள். நீராவி வாங்குபவரும் அணு உலைக்கு அஞ்சுபவரும் ஒரே வட்டத்துக்குள் இருக்கிறார்கள். வாங்குபவர் இருந்தால் அண்டை வீட்டுக்காரரும் இருப்பார். அவரைத் தள்ளி வைத்தால் குழாய் நீளும், நீண்டால் நீராவி செத்துப்போகும்.

மேம்பட்ட உலை என்பதற்கு உண்மையான பொருள் இந்த இடத்தில்தான் தெரிகிறது. கிள்ளானுக்கு அதன் 750 டிகிரி வேண்டாம். சூடு தானே சூட்டை அடக்கும் அந்தக் குணம்தான் வேண்டும். விபத்து நேர்ந்தால் மக்களை வெளியேற்ற வேண்டிய எல்லையைப் பல கிலோமீட்டரிலிருந்து நிலையத்தின் வேலிக்குள் சுருக்கிவிடலாம் என்பதே இந்த உலைகளைச் செய்பவர்களின் வாதம். சிறிய உலை ஒன்றுக்கு அந்த எல்லையைக் கணக்கிடும் முறையை அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் 2022-இல் ஏற்றுக்கொண்டது. ஷிடாவ்வான் சோதனையும் இந்த வாதத்தின் பக்கமே நிற்கிறது. அதை ஏற்கலாம், ஆனால் யாருடைய கையெழுத்தின் பேரில் ஏற்பது? மலேசியாவில் அணுசக்தி உரிமத்துக்கான சட்டம் 1984-ஆம் ஆண்டினுடையது. நாட்டில் இதுவரை ஓடிய ஒரே உலை பாங்கியின் ஒரு மெகாவாட். ஒரு மெகாவாட்டைக் கண்காணித்த அனுபவத்தோடு பல நூறு மெகாவாட் உலையின் வேலி எல்லையை மக்களிடம் உறுதி சொல்ல, அந்தத் துறைக்கே இன்னும் பல பொறியாளர் தலைமுறை வேண்டும்.

அதோடு பேராக்கின் புக்கிட் மேரா இருக்கிறது. ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982-இல் அங்கே வேலை தொடங்கியது. அதன் கழிவில் தோரியம் இருந்தது. 1985-இல் ஊர்மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது, மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது, 1994-இல் நிறுவனமே ஆலையை மூடிக்கொண்டது. அது அணு உலை அல்லவே என்று பொறியாளர்கள் சலித்துக்கொள்வது உண்டு. சலிப்பு நியாயம்தான், ஆனால் பயனில்லை. கதிரியக்கப் பொருளோடு ஒரு தொழிற்சாலை பக்கத்தில் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மலேசியர் கண்ட முதல் எடுத்துக்காட்டு அது. மக்கள் அஞ்சுவது இயற்பியலுக்கு அல்ல, ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லிவிட்டுப் போகும் அதிகாரிக்கு. இதற்கு விளம்பரம் மருந்தாகாது. உலைக்கு வெளியே கதிர்வீச்சு அளவுகள் அன்றன்றே ஊராட்சிப் பலகையில் தெரிய வேண்டும், எரிந்த எரிபொருள் எங்கே போகும் என்பது உரிமத்திலேயே எழுதப்பட வேண்டும்.

பணத்தைப் பற்றிய எதிர்வாதம்தான் என்னை அதிகம் தயங்க வைக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் மிட்லண்ட் என்ற இடத்தில், பக்கத்திலிருந்த டவ் ரசாயன ஆலைக்கு நீராவியும் கொடுக்கவென்று ஓர் அணுமின் நிலையம் கட்டினார்கள். கட்டடம் மண்ணில் இறங்கியது, செலவு ஏறியது, ஆண்டுகள் ஓடின. காத்திருந்து அலுத்த வாடிக்கையாளர் விலகிக்கொண்டார். 1984-இல் திட்டமே கைவிடப்பட்டது. பிறகு அதை எரிவாயு நிலையமாக மாற்றினார்கள், அது டவ் ஆலைக்கு நீராவியும் கொடுத்தது. குழாய்க்கான கணக்கு சரியாகவே இருந்திருக்கிறது, தவறியது உலையைக் கட்டிய விதம். ஷிடாவ்வான் உலையும் 2012-இல் தொடங்கி வணிக ஓட்டத்துக்கு வர 11 ஆண்டு எடுத்தது, கட்டுமானத்தில் வேகத்துக்குப் பெயர்போன நாட்டில். பதின்மூன்றாவது மலேசியத் திட்டம் 2025 ஜூலை 31 அன்று நாடாளுமன்றத்தில் தாக்கலானபோது 2031-க்குள் அணுசக்தி என்று பேசப்பட்டது. 2011-இல் இதற்கென ஒரு நிறுவனமே அமைத்து, ஃபுக்குஷிமாவுக்குப் பிறகு தயங்கி, 2018-இல் வேண்டாம் என்று முடிவெடுத்த நாடு இது. ஆறே ஆண்டில் உலை ஓடும் என்று நம்ப எனக்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. உலை 60 ஆண்டு ஓடினால்தான் போட்ட முதல் திரும்பும். கையுறைத் தொழிலோ கோவிட் காலத்தில் வானத்துக்கு ஏறி, இரண்டே ஆண்டில் நட்டத்தில் விழுந்து, வரிசை வரிசையாக இயந்திரங்களை நிறுத்திய தொழில். 60 ஆண்டு உலையை ஐந்தாண்டு ஒப்பந்தக்காரரோடு குழாயால் கட்டினால் மிட்லண்ட் கதைதான். ஒரே ஆலைக்காக உலை என்ற எண்ணத்தை விட்டு, பல ஆலைகள் சேரும் பொது நீராவித் தொடர் என்று தொடங்கினால் இந்த அபாயம் குறையும். உலை எரிபொருள் மாற்ற நிற்கும் நாட்களுக்கு எரிவாயுப் பாய்லரும் அந்தத் தொடரிலேயே இருக்க வேண்டும்.

வட்டார மறுவாழ்வு என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. பத்து ஆராங் சுரங்கம் 1960-இல் மூடியபோது அந்த ஊருக்கு மாற்று நெருப்பு எதுவும் வரவில்லை. ஊர் சுருங்கியது, தோண்டிய குழிகள் குளமாயின. காப்பாருக்கு அது நேரக் கூடாது என்பது நியாயமான கவலை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயத்து வீடுகளை விட்டு வந்த குடும்பங்கள் தங்கிய வட்டாரம் அது. இரண்டாம் முறை பெயரும் தெம்பு எல்லோருக்கும் இருக்காது. ஆனால் உலை மட்டும் ஊரை வாழவைக்காது. கெம்மரர் உலையில் நிரந்தர வேலை சுமார் 250 பேருக்குத்தான் என்று அதைக் கட்டும் நிறுவனமே சொல்கிறது. வேலை நீராவி வாங்கும் ஆலைகளில் இருக்கிறது, அந்த ஆலைகளில் இன்று வரிசையில் நிற்பவர்களில் நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் ஏராளம். மலிவான நீராவி வந்ததும் காப்பார்ப் பையனுக்குச் சம்பளம் ஏறிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. சுழலி, குழாய், வால்வு பழகிய தொழிலாளர்களை 2029-க்குள் மறுபயிற்சிக்கு அனுப்புவதை மட்டும் இன்றே செய்யலாம், அதற்கு உலை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே, பள்ளத்தாக்கில் அணு வெப்பத்துக்கு ஓர் இடம் உண்டென்றால் அது காப்பார்தான். அங்கேயும் இப்போது உலையைத் தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை. எந்த ஆலை எத்தனை டிகிரியில், மணிக்கு எத்தனை டன் நீராவி, எந்த நேரத்தில் வாங்குகிறது என்ற கணக்கை ஆலைவாரியாக எடுத்து, வரைபடத்தோடு பொதுவில் வைக்க வேண்டும். எரிவாயு விற்பவர்களின் புத்தகங்களிலேயே அந்தக் கணக்கில் பாதி இருக்கிறது. 90 டிகிரிக்குக் கீழ் உள்ளதை வெப்பப் பம்புக்கு விட்டுவிட்டு மீதியைக் கூட்ட வேண்டும். வருவது 400 மெகாவாட்டுக்கு அருகில் என்றால் மேலே பேசலாம். 40 என்றால் காப்பாருக்கு வேறு தொழில் பார்க்கலாம்.